துணைக்கும் துணை வேண்டும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில், குடும்ப நல அரங்கில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றவுடன் இசையும் நாடகமும் குழந்தைகளின் ஆடலும் நினைவுக்கு வரும். இத்தகைய மங்கல நாளில் நோயையும் ஊனத்தையும் பற்றிப் பேசலாமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும் என்று கருதியே, 'இல்வாழ்க்கையில் நோய்த்துணை' என்னும் பொருளைச் செயற்குழுவினர் எனக்குத் தந்தனர். அவர்களுக்கு என் நன்றி.

நம் குடியிருப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயதில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு முகவரிச் சீட்டுமாகப் புனே ரயில் நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் நம்முள் பலர். கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தனர். அலுவலகங்களில் எழுத்தராய் அமர்ந்தனர். பள்ளிகளில் பாடம் சொன்னார்கள். இன்று ஓய்வூதியம் பெறுகின்றனர். வீட்டில் இருவரே இருக்கின்றனர். மகன் ஒரு நாட்டில், மகள் ஒரு நாட்டில். அந்த இருவருள் ஒருவர் ஒரு நாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமற் போனால், மற்றவர் என்ன செய்வார்? இதுவே நான் இன்று உங்கள் முன் வைக்கும் வினா.

வள்ளுவர் இல்லறத்தைப் பாட வந்தபோது ஓர் அதிகாரத்துக்கு 'வாழ்க்கைத் துணைநலம்' என்று பெயரிட்டார். அது நாம் அனைவரும் அறிந்தது. திருமண அழைப்பிதழ்களிலும் அச்சிடுகிறோம். ஆனால் பொருட்பாலில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் முடிவில் அவர் சொல்லும் செய்தியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மருத்துவம் என்பது நான்கு கூறுகள் உடையது என்கிறார் அவர். நோயுற்றவன் ஒரு கூறு. மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பணி செய்பவன் ஒரு கூறு. அருகிருப்பவனை மருத்துவத்துக்குப் புறம்பான ஓர் உதவியாளாக அவர் கருதவில்லை. மருத்துவத்திலேயே ஒரு பங்கு என்று கணக்கிட்டார். ஆதலால், அருகிருப்பவர் தளர்ந்து விழுந்தால் மருத்துவத்தில் கால் பங்கு விழுந்தது என்றே பொருள். நோயாளியின் நாடியைப் பார்க்கிறோம். அவருடைய இரத்த அழுத்தத்தைக் குறித்து வைக்கிறோம். அருகிருப்பவரின் இரத்த அழுத்தத்தை யார் குறித்து வைக்கிறார்?

ஊரில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. அங்கே அருகிருப்பவர் ஒருவர் அல்லர். மாமியார் கஞ்சி காய்ச்சுவார்; நாத்தனார் துணி துவைப்பார்; மைத்துனர் வைத்தியரை அழைத்து வருவார்; எதிர் வீட்டுப் பாட்டி இரவு வந்து திண்ணையில் படுத்துக்கொள்வார். அந்த வாழ்விலும் குறைகள் உண்டு. பெரும் பாரம் பெண்கள் தலையில்தான் இருந்தது. ஆயினும் பல தோள்கள் இருந்தன. இங்கே, மூன்றாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில், அத்தனை தோள்களின் சுமையும் இரண்டு தோள்களுக்கு வந்துவிடுகிறது. அந்தத் தோள்களுக்கும் வயது எழுபது!

நோயுற்ற துணையைப் பேணுதல் என்றவுடன் நம் வீடுகளில் சொல்லப்படும் கதை நளாயினியின் கதை. தொழுநோய் கொண்ட கணவரைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து, அவர் விரும்பிய இடத்துக்கெல்லாம் கொண்டு சென்றாள் என்பர். அவளுடைய உறுதியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. எனினும் அக்கதையைக் கேட்டு வளர்ந்த ஒரு பெண், 'எனக்கு முடியவில்லை' என்று வாய் திறந்து சொல்வது எவ்வளவு கடினம் என்பதை நாம் உணர வேண்டும்.

மற்றொரு கதை காந்தாரியுடையது. கணவனுக்குக் கண் இல்லை என்று அறிந்ததும் அவள் தன் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டாள். தியாகம் பெரிதுதான். ஆனால் விளைவு என்ன? அந்த வீட்டில் இருந்த இரண்டு கண்களும் போயின. அவள் கண் திறந்திருந்தால் கணவனுக்கு வழி காட்டியிருக்கலாம். பிள்ளைகளின் போக்கையும் பார்த்திருக்கலாம். தாமும் உண்ணாமல், உறங்காமல், வெளியே செல்லாமல், தமக்கு வந்த நோயையும் மறைத்துக்கொண்டு கணவனையோ மனைவியையோ பேணும் அன்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காந்தாரியின் நினைவே வருகிறது.

மூன்றாவது கதையும் மகாபாரதத்தில்தான் உள்ளது. ஆதி பருவத்தில் வருகிறது. நம் வீடுகளில் அதிகம் வழங்கவில்லை. ருரு என்னும் இளைஞனுக்கு மணம் பேசியிருந்த பெண் பிரமத்வரை. மணத்துக்கு முன்பே அவள் பாம்பு தீண்டி இறந்தாள். ருரு தன் ஆயுளில் பாதியை அவளுக்கு அளித்தான்; அவள் உயிர் பெற்று எழுந்தாள்; இருவரும் மணந்து வாழ்ந்தனர். இக்கதையில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, இங்கே கொடுப்பவன் ஆண். இரண்டாவது, அவன் கொடுத்தது பாதி. முழு ஆயுளையும் கொடுத்திருந்தால் அவள் யாரோடு வாழ்ந்திருப்பாள்? மறு பாதியைத் தனக்கென வைத்துக்கொண்டதால் அன்றோ இருவர்க்கும் ஒரு வாழ்வு கிடைத்தது?

இக்கதை ஆணைப் பற்றியது என்றேன். நம் குடியிருப்பிலும் அத்தகைய ஆண்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற ஒருவர், மனைவிக்குப் பக்கவாதம் வந்தபின், அறுபத்தாறாம் வயதில் சாதம் வடிக்கக் கற்றார். மனைவிக்குத் தலை வாரிப் பின்னவும் கற்றார். நாம் எல்லோரும் அவரைப் பாராட்டினோம், பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே கட்டடத்தில், கீழ்த் தளத்தில், ஓர் அம்மையார் ஒன்பது ஆண்டுகளாகத் தம் கணவருக்கு அதே பணியைச் செய்து வருகிறார். அவரை நாம் பாராட்டியதாக எனக்கு நினைவில்லை. ஆண் செய்தால் அருஞ்செயல், பெண் செய்தால் கடமை என்னும் இந்த இரட்டை அளவுகோல் இருவர்க்கும் தீங்கு செய்கிறது. பெண்ணின் உழைப்பு கண்ணில் படாமற் போகிறது. ஆணோ, பேணுதல் தனக்கு உரிய வேலை அன்று என்று எண்ணி, அதைக் கற்காமலே முதுமையை அடைகிறான். ஆகவே இளைஞர்களுக்கு ஒரு சொல்: சாதம் வடிக்க அறுபத்தாறு வயது வரை காத்திராதீர்கள்.

நாம் வாழும் இந்த நகரமே நமக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும் 1848-ஆம் ஆண்டில் இங்கே பெண்களுக்குப் பள்ளி தொடங்கியதை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கின்றனர். சாவித்திரிபாய்க்கு எழுத்தறிவித்தவர் கணவரே. அந்தக் கணவர் 1888-ஆம் ஆண்டில் பக்கவாதத்தால் தாக்குண்டார், வலக்கை செயலிழந்தது. அவர் எழுதுவதை விட்டுவிடவில்லை. இடக்கையால் எழுதப் பழகி, 'சார்வஜனிக் சத்ய தர்ம புஸ்தக்' என்னும் தம் கடைசி நூலை எழுதினார். 1890-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். நூல் 1891-இல் வெளிவந்தது. சாவித்திரிபாயோ, கணவரின் நோயோடு தம் வாழ்வு முடிந்தது என்று கதவை அடைத்துக்கொள்ளவில்லை. கணவருக்குப் பின்னும் சத்யசோதக் சமாஜத்தின் பணியைத் தாங்கி நடத்தினார். 1897-இல் இந்நகரில் பிளேக் நோய் பரவியபோது நோயாளிகளுக்குத் தொண்டு செய்து, அந்நோயாலேயே உயிர் நீத்தார்.

இதில் நான் காண்பது ஒன்று. நோயுற்ற கணவர் வெறும் நோயாளியாகிவிடவில்லை, எழுத்தாளராகவே இருந்தார். உடனிருந்த மனைவி வெறும் பணியாளாகிவிடவில்லை, தலைவியாகவே இருந்தார். நோய் அவர்கள் வீட்டுக்குள் வந்தது. ஆனால் வீடு முழுவதையும் அதற்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இதற்கு மாறாகவே நடக்கிறது. ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவுடன், 'அவருக்கு எதற்கு இதெல்லாம்?' என்கிறோம். வரவு செலவுக் கணக்கை அவரிடமிருந்து வாங்கிவிடுகிறோம். மகளின் திருமணப் பேச்சை அவர் இல்லாத அறையில் பேசுகிறோம். நலம் விசாரிக்க வந்தவர், அவர் எதிரிலேயே அவர் மனைவியிடம், 'இவர் சாப்பிட்டாரா?' என்று கேட்கிறார்! கால் தளர்ந்தவர்க்குக் கருத்துத் தளர்ந்துவிடுவதில்லை. ஒரு கையால் காய்கறி ஆய முடிந்தால் ஆயட்டும். கணக்கு எழுத முடிந்தால் எழுதட்டும். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் குழந்தைகளுக்கு அகரம் சொல்லித்தர நாற்காலியில் சக்கரம் இருப்பது ஒரு தடையா? பெறுபவராகவே இருத்தல் எந்த மனிதருக்கும் துன்பம். அவரும் ஒரு துணைதான். துணையாய் இருக்க அவருக்கு இடம் கொடுங்கள்.

பேச்சு இழந்தவர்களைப் பற்றி நம் போன்ற வெளிமாநிலத் தமிழர் சிறப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. மூளையின் இடப்பக்கம் தாக்குண்டு உடலின் வலப்பக்கம் தளர்ந்தவர்களுள் பலர்க்குச் சொற்கள் வருவதில்லை. மருத்துவர் இதனை 'அஃபேசியா' என்பர். அறிவு போய்விட்டது என்பது இதன் பொருள் அன்று. நாம் சொல்வதைப் பெரிதும் உணர்ந்துகொண்டு, விடை சொல்லச் சொல் கிடைக்காமல் தவிப்போர் உண்டு. பல மொழி அறிந்தவர்க்கு எல்லா மொழிகளும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் திரும்புவதும் இல்லை. ஒருவர்க்குத் தாய்மொழி முதலில் மீளும். மற்றொருவர்க்கு நாள்தோறும் மிகுதியாய் வழங்கிய மொழி முதலில் மீளும். மராத்தியும் இந்தியும் பேசி நாற்பது ஆண்டு அலுவல் பார்த்தவர்க்குத் தமிழ்ச் சொற்களே முதலில் வந்தால், மருத்துவமனையில் பயிற்சி தருபவர்க்குத் தமிழ் தெரிந்திராது. அங்கே நம்முள் ஒருவர் சென்று அருகில் அமர்ந்து, 'தண்ணீர்', 'கதவு', 'காலை' என்று மெதுவாகச் சொல்லிப் பழக்கினால், அது மொழித் தொண்டு, மருத்துவத் தொண்டு இரண்டுமாம்.

அன்பு இருந்தால் போதும், பணி தானே வரும் என்று நினைக்கலாகாது. பேணுதல் ஒரு கல்வி. முதற்பாடம் நேரம். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை திடீரெனத் தளர்ந்தாலோ, சொல் குழறினாலோ, கடைசியாக அவர் நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இரத்தக் கட்டி அடைத்ததால் வந்த பக்கவாதமாயின், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். 'விடியட்டும், மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கேட்போம்' என்று காத்திருந்தால் அந்த நேரம் கடந்துவிடும்.

இரண்டாவது பாடம் படுக்கை. தாமே புரள முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப் புண் வரும். இதன் கணக்கைப் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை. இரவில் மட்டும் நான்கு முறை எழ வேண்டும். ஒரே ஒருவர் இதனை எத்தனை மாதம் செய்ய முடியும்? மூன்றாவது பாடம் தூக்குதல். முதுகை வளைத்துத் தூக்கி, பேணுபவரும் முதுகு வலியால் படுத்த வீடுகள் உண்டு. முழங்காலை மடித்து, நோயாளியை உடலோடு அணைத்து, அவருடைய நல்ல காலையும் ஊன்றச் செய்து எழுப்பும் முறையை இயன்முறை மருத்துவரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளலாம்.

நமக்கு அருகிலேயே, கட்கியில், தண்டுவடம் பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கென 1974-இல் நிறுவப்பெற்ற மறுவாழ்வு மையம் உள்ளது. தமிழ்நாட்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1966-இலேயே மறுவாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அதனை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தே அப்பணியைச் செய்தவர். உடல் தளர்ந்தவர் மீண்டும் வாழக் கற்பது ஒரு கலை என்பதை இத்தகைய நிலையங்கள் நாட்டுக்குக் காட்டின.

சட்டம் இந்த உறவை எப்படிப் பார்க்கிறது என்பதையும் சிறிது சொல்ல வேண்டும். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில், துணைவர்க்குத் தொழுநோய் இருப்பது மணவிலக்குக்கு ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது. அந்நோய் மருந்தால் முற்றும் குணமாகும் என்று ஆகிப் பல ஆண்டுகள் கழிந்தும் அவ்விதி ஏட்டில் கிடந்தது. 2019-ஆம் ஆண்டில்தான் நாடாளுமன்றம் அதனை நீக்கியது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைகளை ஏற்றது. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயும் அவற்றுள் ஒன்று. ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணுகின்ற குடும்பத்தாரையும் 'பேணுநர்' என்று அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது.

மத்திய அரசு ஊழியர் இங்கே பலர் உள்ளீர்கள். நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்ற கணவனையோ மனைவியையோ பேணும் ஊழியர்க்கு, சுழற்சி முறை மாற்றலிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று 2018-இல் அரசு ஆணை வந்தது. நிருவாக வசதிக்கு உட்பட்டே அது தரப்படும். ஆயினும் கேட்டால்தானே கிடைக்கும்? சான்றிதழ் வாங்குவதைக் குடும்ப மானத்துக்குக் குறைவு என்று கருதி, மாற்றல் ஆணை வந்தபின் கலங்குவோர் உண்டு. வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

மற்றொரு சிக்கல் பணம் பற்றியது. நினைவிழந்து கிடக்கும் கணவரின் பெயரில் சொத்து இருக்கும். மருத்துவச் செலவுக்கு அதனை விற்க மனைவிக்கு உரிமை இராது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அத்தகைய வழக்கு ஒன்று வந்தது. 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், இருவர் அமர்வு மனைவியையே பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. நீதி கிடைத்தது, ஆயினும் நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு நீதிமன்றப் படி ஏறும் நிலை எல்லோராலும் தாங்கக்கூடியதா? வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் வையுங்கள். காப்பீட்டுத் தாள், ஓய்வூதியப் புத்தகம், வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கின்றன என்பதைக் கணவனும் மனைவியும் இன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லி வையுங்கள். இது அமங்கலப் பேச்சு அன்று, அன்பின் பேச்சு.

அன்பர்களே! இறுதியாக நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள். ருரு பாதி ஆயுளைத் தன்னிடம் வைத்துக்கொண்டான் என்றேன். நம் குடியிருப்பில் பேணுபவர்க்கு அந்தப் பாதி எங்கிருந்து கிடைக்கும்? நாம்தான் கொடுக்க வேண்டும். வாரத்தில் ஒரு பிற்பகல், மூன்று மணி நேரம், முறை வைத்து ஒருவர் சென்று நோயாளியின் அருகில் அமரட்டும். அந்த அம்மையார் கோயிலுக்குப் போகட்டும். தம் கண்ணைக் காட்ட மருத்துவரிடம் போகட்டும். ஒன்றும் இல்லையேல் அடுத்த அறையில் உறங்கட்டும். 'ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்' என்று வாயிலில் நின்று சொல்லிவிட்டு வருவது உதவி ஆகாது. எவரும் சொல்லமாட்டார். 'வியாழக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன்' என்று சொல்லுங்கள்; சொன்னபடி செல்லுங்கள்.

சங்கத்தின் பொருளறையில் நாடகத் திரைகளும் விளக்குகளும் இருக்கின்றன. அவற்றோடு ஒரு சக்கர நாற்காலியும், தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் ஒன்றும் இருக்கட்டும். வேண்டுவோர் எடுத்துச் சென்று திருப்பித் தரட்டும். சான்றிதழ் விண்ணப்பங்களை மராத்தியிலும் இந்தியிலும் நிரப்பித்தர இளைஞர் இருவர் முன்வரட்டும்.

இந்த மண்டபத்தின் வாயிலில் ஆறு படிகள் இருக்கின்றன. நாம் அவற்றை எண்ணியதில்லை. எண்ண வேண்டிய தேவை நமக்கு நேரவில்லை. அந்த ஆறு படிகளால் இன்று நம் குடும்பங்களுள் சில இவ்விழாவுக்கு வரவில்லை. ஒருவர் ஏற முடியாததால் இருவர் வரவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்குள் அப்படிகளின் ஓரத்தில் ஒரு சாய்தளம் அமைத்துத் தர வேண்டும் என்று செயற்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கென என் பங்காகச் சிறு தொகை ஒன்றைச் செயலாளர் அவர்களிடம் இன்றே அளிக்கிறேன்; மீதியை நீங்கள் நிறைவு செய்வீர்கள் என்பது என் நம்பிக்கை.